நாகருக்கு வால் வேண்டாம், பதிவுத் துண்டு போதும்

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள தொடர்மாடி ஒன்றில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஐந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் பதினெட்டுக்கும் இருபத்திரண்டுக்கும் இடைப்பட்ட வயது. மேசையில் கடதாசிகள், பென்சில்கள், பல முகங்கள் கொண்ட தாயக்கட்டைகள், நடுவில் ஒரு கையால் வரைந்த நகர வரைபடம். கணினி இல்லை, திரை இல்லை. ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அந்தப் பாத்திரம் என்ன செய்யும் என்று சொல்கிறார்கள். செய்ய முடிந்ததா இல்லையா என்பதைத் தாயம் தீர்மானிக்கிறது.

கதையை நடத்துபவன் சித்தியின் மகன். அவர்கள் உருவாக்கிக்கொண்டிருந்த நகரம் ஒரு துறைமுகம். போர் முடிந்து பத்து வருடம். ஒழுங்கைகள், களஞ்சியங்கள், தேவாலயம், கோவில், காவலரண்கள், சுவர்களில் காணாமல் போனவர்களின் படங்கள். பெயரை மாற்றியிருந்தாலும் அது கொட்டாஞ்சேனைதான் என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. வெளிநாட்டு விளையாட்டுகளில் வரும் எல்ஃப், ட்வார்ஃப், ஓர்க் போன்ற இனங்கள் தங்களுக்கு வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தார்கள். பதிலாக இயக்கர், நாகர், இராக்கதர். இந்த இனங்களை இவ்வளவு கரடுமுரடான ஒரு நகரத்துக்குள் எப்படிப் பொருத்துவது என்பதுதான் அவர்களுடைய பிரச்சினை. நான் ஊடகக் கற்கை படித்தவள் என்பதால் என்னிடம் பதில் இருக்கும் என்று நினைத்தார்கள்.

"அக்கா, இஞ்ச பாருங்கோ. பாத்திரத் தாளில 'இனம்' எண்டு ஒரு கட்டம் இருக்கு. அதுக்குள்ள நாகர் எண்டு போட்டா அவைக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது எண்டு நாங்கள் எழுதவேணும்" என்றான் தம்பி.

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்த ஒரு பிள்ளை இரண்டு விடயங்கள் சொன்னாள். முள்ளிவாய்க்காலிலிருந்து மெனிக் பாம் வழியாகக் கொழும்புக்கு வந்த குடும்பம் அவளுடையது. முதலாவது, "இயக்கர் எண்ட சொல் வேண்டாம். வீட்டில இதைப் பற்றிக் கதைச்சா அம்மா பயப்படுறா." எல்லோரும் சிரித்தோம். பிறகு நிறுத்திக்கொண்டோம். மகாவம்சத்தில் வரும் ஒரு பூர்வ குடியின் பெயர் எங்கள் தலைமுறையின் காதில் வேறொன்றாகத்தான் விழும். இரண்டாவது ஒரு கேள்வி: "சோதனைச்சாவடியில நிக்கிறவன் இவர் நாகர் எண்டு எப்பிடிக் கண்டுபிடிப்பான்?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து வந்தது. இது ஒரு விளையாட்டைப் பற்றிய விடயம் போலத் தோன்றலாம். ஆனால் கற்பனை இனங்களை உண்மையான மண்ணில் பொருத்தும் வேலை இந்த நாட்டில் பதினைந்து நூற்றாண்டுகளாக நடக்கிறது. அந்த வேலையின் விலையை இன்றும் காணிகளாகக் கொடுத்துக்கொண்டிருப்பவர்களில் நாங்களும் இருக்கிறோம்.

ஒரு விளையாட்டின் இன அட்டவணை

இந்த வகை விளையாட்டுகளின் மூலம் 1974 இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்'. கேரி கைகக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் உருவாக்கியது. அதில் ஆரம்பத்திலிருந்தே இனம் என்பது விதியாக இருந்தது. மனிதர் எவ்வளவு தூரமும் முன்னேறலாம். ட்வார்ஃப் இனத்தவர் போர்வீரராக மட்டுமே இருக்கலாம், அதுவும் ஆறாவது படிநிலை வரைதான். 1978 இல் வந்த கையேட்டில் எந்த இனம் எந்த இனத்தை எப்படிப் பார்க்கும் என்று ஓர் அட்டவணையே இருந்தது. விருப்பம், நல்லெண்ணம், சகிப்பு, நடுநிலை, பகைமை, வெறுப்பு என ஆறு தரங்கள். இரண்டு பெயர்கள் சந்திக்கும் கட்டத்தில் ஓர் எழுத்து. அவ்வளவுதான், உறவு முடிவாகிவிட்டது.

எங்கள் கதைகளும் அங்கே போயிருக்கின்றன. 1977 இல் வெளியான அந்த விளையாட்டின் பூதங்கள் பற்றிய நூலில் ராக்‌ஷசரும் இருக்கிறார்கள், நாகரும் இருக்கிறார்கள். ராக்‌ஷசருக்குப் புலித்தலை, உள்ளங்கை பின்பக்கம் திரும்பியிருக்கும். நாகருக்குப் பாம்புடல், மனித முகம். 2003 இல் வந்த 'வோர்கிராஃப்ட்' கணினி விளையாட்டில் நாகர் கடலுக்கடியிலிருந்து படையெடுத்து வருகிறார்கள். நயினாதீவுக்குப் படகேறிப் போய்வரும் எங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். அந்தப் பிள்ளைகளுக்கு அது வேடிக்கை மட்டுமல்ல. "எங்கட ஆக்களை வெட்டினா எங்களுக்குப் புள்ளி கிடைக்குது" என்றான் ஒருவன்.

2020 யூனில், அமெரிக்காவில் ஜோர்ஜ் ஃபுளோய்டின் கொலையைத் தொடர்ந்து எழுந்த போராட்டங்களின் நடுவே, அந்த விளையாட்டை வெளியிடும் நிறுவனம் ஓர் அறிக்கை விட்டது. சில இனங்களைப் பிறப்பிலேயே தீயவர்களாகக் காட்டியது உலகில் உண்மையான இனக்குழுக்கள் இழிவுபடுத்தப்பட்ட விதத்தை நினைவூட்டுகிறது என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். 2022 இன் இறுதியில் 'இனம்' என்ற சொல்லையே கைவிடுவதாக அறிவித்தார்கள். 2024 இல் வந்த புதிய கையேட்டில் உயிரியலில் வழங்கும் 'உயிரினம்' என்ற பொருளுடைய சொல்தான் இருக்கிறது.

இந்த மாற்றம் நல்லதுதான். ஆனால் அது எங்கள் மேசையிலிருந்த பிரச்சினையைத் தீர்க்கவில்லை. சொல்லை மாற்றினாலும் கட்டம் அப்படியே இருக்கிறது. எங்கள் நாட்டில் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்திலும் தந்தையின் இனம், தாயின் இனம் என்று கட்டங்கள் இருந்துவந்தன. தம்பி அந்தத் தாளைக் காட்டியபோது எனக்கு நினைவு வந்தது அந்தப் பத்திரம்தான். இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று எங்களை இரண்டாகப் பிரித்த கட்டங்கள் 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் வந்தவை. கொட்டாஞ்சேனையின் ஒரே ஒழுங்கையில் ஒரே மொழி பேசிய இரண்டு குடும்பங்களை அந்தக் கட்டம் பிரித்தது. 1948 இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் நாடற்றவர்களானார்கள்.

மகாவம்சம் பொருத்திய விதம்

கி.பி. ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டளவில் மகாவம்சத்தை எழுதியவருக்கும் இதே பிரச்சினை இருந்தது. அவருக்கு ஒரு புனிதத் தீவு வேண்டும். அதில் ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். அந்த ஆட்களை என்ன செய்வது?

அவர் கண்ட முதல் வழி, அவர்களை மனிதரல்லாதவர்களாக்குவது. நூலின் முதல் அத்தியாயத்திலேயே புத்தர் மூன்று முறை இலங்கைக்கு வருகிறார். முதல் வருகை மகியங்கனைக்கு. அங்கே கூடியிருந்த இயக்கரை இருளாலும் புயலாலும் அச்சுறுத்தி, கிரிதீபம் என்ற வேறொரு தீவுக்கு அனுப்பிவிடுகிறார். இரண்டாவது வருகை நாகதீபத்துக்கு. மணியாசனம் ஒன்றுக்காகப் போரிடும் மகோதரன், சூளோதரன் என்ற இரு நாக அரசர்களைச் சமாதானப்படுத்துகிறார். மூன்றாவது வருகை, களனியின் நாக அரசனுடைய அழைப்பை ஏற்று. கவனித்தால் ஒரு வேறுபாடு தெரியும். கேட்டு நடந்த நாகர் இருந்த இடத்தில் இருக்கிறார்கள். இயக்கர் இடம்பெயர்க்கப்படுகிறார்கள். இனத்தின் பண்பு என்று சொல்லப்படுவது உண்மையில் பணிவின் அளவு.

கதையில் ஓர் ஓட்டை இருக்கிறது. இயக்கர் எல்லோரும் கிரிதீபத்துக்குப் போய்விட்டார்கள் என்றால், விஜயன் வந்திறங்கும்போது தீவில் இயக்கர் ஆட்சி எப்படி இருக்கிறது? குவேனி எங்கிருந்து வந்தாள்? நூல் அதற்கு விளக்கம் தரவில்லை. விஜயன் குவேனியின் உதவியுடன் அவளுடைய ஆட்களையே கொல்கிறான். பிறகு மதுரையிலிருந்து அரச குலப் பெண் வருகிறாள் என்று குவேனியைத் துரத்திவிடுகிறான். இரண்டு பிள்ளைகளுடன் தன் இனத்திடம் திரும்பிப் போகும் அவளை, காட்டிக்கொடுத்தவள் என்று இயக்கரே கொல்கிறார்கள். அவளுடைய பிள்ளைகள் மலைநாட்டுக்குத் தப்பி ஓடுகிறார்கள். அவர்களிலிருந்தே புலிந்தர் என்ற குடி வந்ததாக நூல் முடிக்கிறது.

அதற்குப் பிறகும் இயக்கர் போகவில்லை. பண்டுகாபய மன்னன் ஆட்சிக்கு வர உதவியவர்களில் இயக்கரும் உண்டு. அநுராதபுரத்தில் அவர்களுக்கு இடம் ஒதுக்குகிறான். விழா நாட்களில் சித்தராஜன் என்ற இயக்கனுடன் சம உயரமான ஆசனத்தில் அமர்கிறான். விரட்டப்பட்டவர்கள், காதலிக்கப்பட்டவர்கள், கைவிடப்பட்டவர்கள், கூட்டாளிகள். எல்லாமே ஒரே பெயர் கொண்ட ஓர் இனம். பின்னர் நூல் அவர்களைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டே போகிறது.

விரட்டியும் போகாத ஆட்கள் மனிதர்களாகத்தான் இருந்திருப்பார்கள் என்று இதை வாசிக்கும்போது எனக்குத் தோன்றுகிறது. காணியை வெறுமையாகக் காட்டுவதற்கு அவர்களைப் பூதங்களாக எழுதவேண்டியிருந்தது. ஆட்சி நடத்துவதற்கு அதே பூதங்களுடன் ஒரே உயர ஆசனத்தில் அமரவேண்டியும் இருந்தது. இரண்டு தேவைகளும் ஒரே நூலுக்குள் இருப்பதால்தான் கதை ஒட்டாமல் நிற்கிறது.

நாகரை இப்படி எழுதியது பாளி நூல் மட்டுமல்ல. எங்கள் மணிமேகலையிலும் மணிபல்லவத்தில் பீடிகைக்காக இரு நாக மன்னர்கள் போரிடுகிறார்கள், புத்தர் வருகிறார். அதே காப்பியத்தில் கப்பல் உடைந்து கரையொதுங்கும் சாதுவன், ஆடையற்ற, மனிதரை உண்ணும் நாகரின் கைகளில் சிக்குகிறான். அவர்களுடைய மொழி அவனுக்குத் தெரிந்திருந்ததால் உயிர் பிழைக்கிறான். சோழ மன்னன் ஒரு நாக இளவரசியைக் காதலிப்பதும் அதே நூலில்தான். ஒரு பக்கத்தில் இளவரசி, இன்னொரு பக்கத்தில் மனிதரை உண்பவர். தூரத்தில் இருப்பவரைப் பற்றி எழுதும்போது எங்களுடைய கையும் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

இராவணன் விண்வெளிக்குப் போன ஆண்டு

2009 க்குப் பிறகு தென்னிலங்கையில் ஒரு மாற்றம் வந்தது. அதுவரை சிங்களத் தேசியவாதத்தின் தொடக்கக் கதை விஜயன். ஆனால் விஜயன் படகில் வந்தவன். 'நாங்கள்தான் இந்த மண்ணின் ஆதிக்குடிகள்' என்று சொல்வதற்கு அவன் உதவமாட்டான். எனவே இயக்கரும் இராவணனும் தேவைப்பட்டார்கள். சிங்களம் என்ற பெயரே 'சிவ் ஹெல', அதாவது நான்கு ஹெல குடிகளிலிருந்து வந்தது என்றும், அந்த நான்கு குடிகள் யக்‌ஷ, நாக, தேவ, ராக்‌ஷ என்றும் ஒரு விளக்கம் பரவியது. இந்தச் சிந்தனைக்குப் பழைய வேர் உண்டு. முனிதாச குமாரதுங்க 1941 இல் தொடங்கிய ஹெல ஹவுல இயக்கம் ஹெல மக்களின் தொன்மையைப் பேசியது. ஆனால் அது மொழியறிஞர்களின் வட்டத்துக்குள் இருந்தது. போருக்குப் பின்னர் அது நூல் கடைகளுக்கும் யூடியூப்புக்கும் தொலைக்காட்சிக்கும் வந்தது. இராவணனின் பெயரில் ஒரு பௌத்த கடும்போக்கு அமைப்பும் தெருவுக்கு வந்தது. மகாவம்சம் இராவணனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பது யாருக்கும் தடையாக இருக்கவில்லை.

2018 இன் இறுதியில் தெரண தொலைக்காட்சியில் 'ராவணா' தொடர் ஆரம்பமானது. 2019 ஏப்ரல் 17 இல் அமெரிக்காவின் வேர்ஜினியாவிலிருந்து ஏவப்பட்ட விண்கலம் ஒன்றில் இலங்கையின் முதலாவது ஆய்வுச் செய்மதி சென்றது. ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவகத்தில் இரண்டு இலங்கைப் பொறியியலாளர்கள் உருவாக்கிய, ஒரு கிலோ அளவு எடையுள்ள சின்னப் பெட்டி. அதே திட்டத்தில் இணைந்த ஜப்பான் தன் செய்மதிக்கு ஒரு குருவியின் பெயரை வைத்தது. நேபாளம் தன் நாட்டுப் பெயரை வைத்தது. இலங்கை 'ராவணா-1' என்று வைத்தது. நான்கு நாட்களின் பின்னர் உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்தது. கொட்டாஞ்சேனை அன்று கண்டது வேறு வகையான வானம்.

அதே ஆண்டு யூலையில் இரண்டு விடயங்கள் நடந்தன. மாத இறுதியில் கட்டுநாயக்கவில் விமானத்துறையினரும் வரலாற்றாளர்களும் கூடி, இராவணன் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் பறந்தானா என்று ஒரு மாநாடு நடத்தினார்கள். மாத நடுப்பகுதியில் திருகோணமலை கன்னியா வெந்நீரூற்றுக்குப் பேரணியாகச் சென்ற தமிழர்கள் வழியில் தடுக்கப்பட்டார்கள். கன்னியா இராவணன் தன் தாயின் இறுதிக் கிரியைகளுக்காக உண்டாக்கிய ஊற்றுகள் என்பது எங்கள் வழக்கு. அங்கே பிள்ளையார் கோவில் இருந்த மேட்டில் விகாரை கட்டும் முயற்சிக்கு எதிராகத்தான் அந்த மக்கள் போனார்கள். இராவணன் தேவைப்பட்டான். இராவணன் கதையை வழிவழியாகச் சொல்லிவந்த ஆட்கள் தேவைப்படவில்லை.

2020 யூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமை முகாமைத்துவத்துக்கான ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டது. பாதுகாப்புச் செயலாளர் தலைமை. தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ அதில் இல்லை. தெரண ஊடக வலையமைப்பின் தலைவர் உறுப்பினர்களில் ஒருவர். அடுத்த மாதம், இராவணன் பற்றியும் பழைய விமானங்கள் பற்றியும் ஆவணங்கள் வைத்திருப்போர் தரலாம் என்று அரசாங்கம் பத்திரிகையில் விளம்பரம் செய்தது. முல்லைத்தீவு குருந்தூர்மலை வழக்கை விசாரித்த நீதிபதி ரி. சரவணராஜா, 2023 செப்ரெம்பரில் உயிரச்சுறுத்தலைக் காரணம் காட்டிப் பதவி விலகி நாட்டைவிட்டு வெளியேறினார். பழங்கதையில் யார் எந்த இனம் என்பது, எந்த மலையில் யார் பொங்கலாம் என்ற கேள்வியாக மாறி நிற்கிறது.

இன்னொரு கணக்கையும் சொல்லவேண்டும். குவேனியின் பிள்ளைகளின் வழித்தோன்றல்கள் என்று பலரும் கருதுவது வேடர் சமூகத்தை. 1983 இல் மாதுறுஓயா தேசிய பூங்கா உருவாக்கப்பட்டபோது தம்பானை வேடர்கள் தங்கள் காட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். வாகரையிலும் மூதூரிலும் தமிழ் பேசும் கரையோர வேடர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எங்கள் ஊடகங்களில் எத்தனை செய்திகள் வருகின்றன? இயக்கர் என்ற கற்பனை இனத்துக்குத் தொலைக்காட்சித் தொடர் கிடைத்தது. உயிரோடு இருக்கும் ஆட்களுக்குக் காடு கிடைக்கவில்லை.

எங்கள் பக்கத்து நாகர்

இதுவரை வாசித்த பலருக்கு மனதில் ஒரு பதில் ஓடியிருக்கும். 'நாகர் என்றால் தமிழர்தானே, இராவணன் தமிழன்தானே, அதைச் சொல்லவேண்டியதுதானே?' இயக்கரும் நாகரும் எங்கள் முன்னோர் என்றுதான் நானும் பள்ளிக்கூட நாட்களில் நம்பினேன். இந்த நம்பிக்கைக்கும் வரலாறு உண்டு. முதலியார் செ. இராசநாயகம் 1926 இல் எழுதிய பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய ஆங்கில நூலிலேயே நாகர் ஓர் ஆட்சி நடத்திய மக்களாக வருகிறார்கள். தமிழகத்தில் இராவணனைத் திராவிட நாயகனாக்கிய புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946 இல் வெளியாகி, 1948 இல் தடைசெய்யப்பட்டு, 1971 இல்தான் தடை நீங்கியது. ஆதிக்கத்தை எதிர்க்க அந்தக் கதைகள் உதவின என்பதை மறுக்க முடியாது.

ஆனால் தொல்லியல் சான்றுகள் அந்தக் கட்டத்துக்குள் அடங்குவதில்லை. 1936 இல் வல்லிபுரத்தில் கிடைத்த பொன்னேட்டில் 'நாகதீவ' என்ற பெயர் இருக்கிறது. ஏட்டின் மொழி பிராகிருதம் என்பதே பொதுவான வாசிப்பு, அதில் விவாதங்களும் உண்டு. 1980 களின் தொடக்கத்தில் ஆனைக்கோட்டையில் ஒரு பெருங்கற்காலப் புதைகுழியில் கிடைத்த முத்திரையில் பிராமி எழுத்துகளுக்கு மேல் குறியீடுகளும் இருக்கின்றன. நாக என்ற பெயரை இலங்கையின் பிராகிருதக் கல்வெட்டுகளிலும் பார்க்கலாம். சங்கப் புலவர்களின் பெயர்களிலும் பார்க்கலாம். பேராசிரியர் கா. இந்திரபாலா 2005 இல் ஆங்கிலத்திலும் அடுத்த ஆண்டு தமிழிலும் வெளியிட்ட நூலில் சொல்வது இதுதான்: சிங்களவரும் தமிழரும் ஆயத்தமான இனங்களாக வெளியிலிருந்து வந்து இறங்கியவர்கள் அல்லர். இந்தத் தீவில் இருந்த பழைய மக்களும் வந்தவர்களும் கலந்து, மொழிகள் மாறி, இங்கேயே இரண்டு குழுக்களாக உருவானார்கள்.

இதை ஏற்றுக்கொண்டால் நாகர் யாருடைய முன்னோர் என்ற கேள்விக்கு 'இரண்டு பேருடையதும்' என்ற பதில்தான் வரும். அது பலவீனமான பதில் என்று எங்களில் சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. குருந்தூர்மலையில் பொங்கும் உரிமை, அங்கே தலைமுறைகளாகப் பொங்கியவர்களுக்கு இருக்கிறது. வயலை உழுதவருக்கு வயல் சொந்தம். இதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய இனப் பெயர் ஒன்று சாட்சி சொல்லவேண்டிய தேவை இல்லை. சாட்சி சொல்லத்தான் வேண்டும் என்று நாங்களே ஒத்துக்கொண்டால், ஆட்டத்தின் விதியை மற்றவர் எழுத விட்டுவிட்டோம் என்றுதான் அர்த்தம். யார் மூத்தவர் என்ற போட்டியில் செயலணியும் படையும் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் வெல்வார்.

எப்படிக் கண்டுபிடிப்பான்?

இனி அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன்.

கரடுமுரடான உலகங்களுக்குள் கற்பனை இனங்களை வைத்துப் பெயர்பெற்ற சில படைப்புகள் இருக்கின்றன. போலந்து எழுத்தாளர் அந்திரே சப்கோவ்ஸ்கியின் 'விட்சர்' கதைகளில் எல்ஃப்களும் ட்வார்ஃப்களும் மனிதரின் நகரங்களில் ஒதுக்கப்பட்ட பகுதிகளில் வாழ்கிறார்கள். அவர்களுக்கு எதிராகக் கலவரங்கள் வெடிக்கின்றன. இளைஞர்கள் சிலர் காட்டுக்குப் போய் அணில் வாலை அடையாளமாக அணிந்துகொண்டு சண்டை பிடிக்கிறார்கள். ஊரில் இருப்பவர்கள் அவர்களுக்காக அடிவாங்குகிறார்கள். 1989 இல் வந்த 'ஷாடோரன்' விளையாட்டில், எதிர்கால சியாட்டில் நகரத்து மக்களிடம் அடையாள இலக்கம் ஒன்று இருக்கும். அது இல்லாதவர்கள் சட்டத்தின் கண்ணில் இல்லாதவர்கள். தம்பி இவற்றையெல்லாம் விளையாடியிருக்கிறான். "இதில வாறது எங்கட கதை மாதிரியே இருக்கு அக்கா" என்கிறான்.

உண்மைதான், ஆனால் ஒரு முக்கியமான இடத்தில் வேறுபடுகிறது. எல்ஃபுக்குக் கூரிய காது. ட்வார்ஃப் குள்ளம். காவலரணில் நிற்பவருக்குப் பார்த்தவுடனேயே தெரிந்துவிடும். வன்முறைக்குக் காரணம் உடலிலேயே இருப்பது போல ஒரு எண்ணத்தை அது மெதுவாக எங்களுக்குள் விதைக்கிறது. 'இவ்வளவு வேறுபட்டவர்கள், சண்டை வரத்தானே செய்யும்' என்று.

எங்கள் அனுபவம் நேர் எதிரானது. 1958 இலும் 1983 இலும் இந்தக் கொழும்பு வீதிகளில் வாகனங்களை மறித்தவர்களால் முகத்தைப் பார்த்து முடிவெடுக்க முடியவில்லை. அதனால்தான் காதில் துளை இருக்கிறதா என்று பார்த்தார்கள். சிங்களப் பத்திரிகையை வாசிக்கச் சொன்னார்கள். பௌத்த காதைகளைச் சொல்லச் சொன்னார்கள். வாளிக்குச் சிங்களத்தில் வழங்கும் 'பால்திய' என்ற சொல்லை உச்சரிக்கச் சொன்னார்கள். 83 யூலையில் வீடுகளைத் தேடி வந்தவர்களின் கைகளில் வாக்காளர் இடாப்பு இருந்தது. வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்திருந்தால் இடாப்பு எதற்கு? நாவுக்கும் காகிதத்துக்கும் பரீட்சை வைத்துத்தான் எங்களை வேறு இனமாக்க முடிந்தது.

போர்க்காலத்தில் அந்தப் பரீட்சை அன்றாட வேலையாகியது. கொழும்பில் தங்கும் தமிழர் பொலிஸில் பதியவேண்டும். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணமா, கிளிநொச்சியா என்று பார்ப்பார்கள். 2007 யூன் 7 ஆம் திகதி அதிகாலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் இருந்த 370 க்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். வெளிநாடு போகக் காத்திருந்தவர்கள், வைத்தியத்துக்கு வந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள். கொழும்பில் இருப்பதற்குப் போதிய காரணம் இல்லை என்பதே சொல்லப்பட்டது. மறுநாள், மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவில், வெளியேற்றத்தை நிறுத்துமாறு உயர்நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. அந்தப் பஸ்களில் ஏறியவர்களுக்குக் கொம்பு இருக்கவில்லை, வால் இருக்கவில்லை. லொட்ஜ் பதிவேட்டில் ஓர் ஊர்ப் பெயர் இருந்தது.

உயிர்த்த ஞாயிறுக்குப் பின் அதே வேலை முஸ்லிம்களுக்கு எதிராக நடந்தது. 2019 இல் முகத்தை மூடும் ஆடைகள் அவசரகால விதியால் தடைசெய்யப்பட்டன. கடைகளிலும் பாடசாலைகளிலும் அபாயாவைப் பார்த்து மனிதரைப் பிரித்தார்கள். அந்த நாட்களில் எங்களில் சிலர் பேசாமல் இருந்தோம். சிலர், இம்முறை நாங்கள் இல்லையே என்று ஆறுதல்பட்டோம். அதையும் இங்கே பதிவுசெய்யவேண்டும்.

ஆகவே கரடுமுரடான ஓர் உலகத்தில் கற்பனை இனத்தைப் பொருத்த விரும்புகிறவர், அந்த இனத்துக்கு என்ன சக்தி, என்ன குறை என்று முதலில் எழுதக்கூடாது என்பதே என் முடிவு. யார் பட்டியல் வைத்திருக்கிறார், எந்தக் கதவில் எதைக் கேட்கிறார், தவறான பதிலுக்கு என்ன நடக்கும் என்பதை எழுதவேண்டும். அவற்றை எழுதி முடிக்கும்போது நாகர் என்றால் யார் என்பது தானாகவே தெரிந்துவிடும். மகாவம்சத்துக்கும் இதே கேள்வியை வைக்கலாம். செயலணிக்கும் வைக்கலாம். எங்கள் பக்க யூடியூப் வரலாற்றாசிரியர்களுக்கும் வைக்கலாம்.

திரும்பவும் மேசைக்கு

இரண்டு வாரம் கழித்து மீண்டும் போனேன். இதை அவர்களுக்குச் சொல்லவேண்டிய தேவை பெரிதாக இருக்கவில்லை. கொட்டாஞ்சேனைப் பிள்ளை ஏற்கெனவே ஒரு விதியை முன்வைத்திருந்தாள். பாத்திரத் தாளில் இனம் என்ற கட்டத்தை விளையாடுபவர் நிரப்பக்கூடாது. காவலரணில் நிற்பவர்தான் நிரப்புவார், அதுவும் பென்சிலால். ஒரு வாசலில் நாகர் என்று எழுதப்பட்டவர் அடுத்த வாசலில் இராக்கதர் ஆகலாம். உச்சரிப்பு, ஊர், கையிலுள்ள துண்டு, காவலரண்காரரின் அன்றைய மனநிலை, பிறகு தாயம். அழித்து அழித்து எழுதியதில் ஒரு தாளில் அந்தக் கட்டம் ஓட்டையாகிவிட்டிருந்தது.

நாகருக்கு வால் உண்டா இல்லையா என்ற வாதத்தை அவர்கள் கைவிட்டுவிட்டார்கள். நகரத்தில் இருக்கும் எல்லோரும் மற்றவருக்கு வால் இருக்கிறது என்று நம்புகிறார்கள், ஆனால் ஒருவரும் பார்த்ததில்லை என்பதே புதிய ஏற்பாடு.

இப்போது அவர்களுக்கு ஒரு பதிவுத் துண்டின் மாதிரி தேவைப்பட்டது. என்னென்ன கேட்பார்கள், எத்தனை கட்டங்கள் இருக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. நான்தான் ஞாபகத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். தேத்தண்ணி கொண்டுவந்த சித்தி கொஞ்ச நேரம் நின்று கேட்டார். பிறகு அறைக்குள் போய், வீட்டு உறுதியும் மருந்துச் சிட்டைகளும் வைத்திருக்கும் கோப்பிலிருந்து, மடிப்பில் கிழியத் தொடங்கிய ஒரு மஞ்சள் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வீட்டிலிருந்த எல்லோருடைய பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம், நிரந்தர முகவரி, வந்த காரணம்.

"இதை ஏன் இன்னும் வச்சிருக்கிறீங்கள்?" என்று தம்பி கேட்டான். அந்தத் தாள் நிரப்பப்பட்டபோது அவனுக்கு இரண்டு வயது. அதில் அவனுடைய பெயரும் இருந்தது.

"தேவைப்படாது எண்டு ஆர் சொன்னது?" என்றார் சித்தி. பிறகு, "கவனமாப் பாத்து எழுதிப்போட்டுத் திருப்பித் தாங்கோ" என்று சொல்லிவிட்டு குசினிக்குப் போனார்.